சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி

அன்றாடம் சாலையில் ஓட்டும் காரையே விடுமுறை நாளில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு எடுத்துச் சென்று, டிராக்கில் முழு வேகத்தில் சுற்றிவிட்டு, அதே டயர்களோடு பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பும் வாசகர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கார் போர்ஷே 718 கேமனாக இருக்கலாம், பி.எம்.டபிள்யூ எம்2 ஆக இருக்கலாம், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஆகவும் இருக்கலாம். எந்தக் காராக இருந்தாலும் எஞ்சினின் சக்தி, பிரேக்கின் வலிமை, சஸ்பென்ஷனின் நுட்பம் ஆகிய அனைத்தும் தரையைத் தொடும் நான்கு சிறிய ரப்பர்ப் பரப்புகள் வழியாகத்தான் வேலை செய்ய முடியும். ஆகவே இந்தத் தேர்வை விளம்பரத்தையோ நண்பரின் பரிந்துரையையோ மட்டும் நம்பிச் செய்வது முறையல்ல.

டயர் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, எந்த டயர் ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்க உதவும் என்பது. நம் ஊருக்கு அது சரியான முதல் கேள்வி அல்ல என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் ஒரு டயரைச் சோதிப்பவை இரண்டு: தொடர்ந்து ஏறும் வெப்பம், திடீரென்று கொட்டும் மழை. இந்த இரண்டையும் தாங்கும் டயரை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, பிறகு அவற்றுள் எது வேகமானது என்று பார்ப்பதே பாதுகாப்பான வரிசை.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு வருடத்தில் சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, டிராக்குக்கு எத்தனை முறை போகிறது, டிராக்குக்குப் போகவர எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள். சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்வதும், அங்கிருந்து புது தில்லியை அடுத்த புத் சர்வதேசப் பந்தயத் தளத்துக்குச் செல்வதும் டயரைப் பொறுத்தவரை வெவ்வேறு காரியங்கள். பின்னதற்கு ஓட்டியே செல்பவரின் டயர், டிராக்கைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் சாலையைத் தாண்டியிருக்கும்.

டிராக்கின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். 1990-இல் திறக்கப்பட்டு, இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. அதன் முதல் வளைவே அதிவேகமான வலப்பக்க வளைவு என்பதால், முன்பக்க இடது டயர் அங்கே பெரும் பாரத்தைச் சுமக்கிறது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான். தடம் குறுகியதாக இருப்பதால் வளைவுகள் அடுத்தடுத்து வரும். டயர் ஆற நேரம் கிடைக்காது. 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத் தளத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நேர்ப்பாதை இருப்பதால் டயர் ஓரளவு ஆறுகிறது. ஆனால் அங்கே எட்டும் வேகமும், அந்த வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும் சுமையும் அதிகம். ஒரு தடத்தில் புகழ்பெற்ற டயர் மற்றொன்றில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

எந்த வகை டயர்

சந்தையில் கிடைக்கும் வகைகளை, சாலையில் தொடங்கி டிராக்கை நோக்கிச் செல்லும் வரிசையில் பார்ப்போம்.

முதலாவது, உயர்திறன் சாலை டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், பிரெல்லி பி ஜீரோ போன்றவை இந்த வகை. ஈரச் சாலையில் இவற்றின் பிடிமானம் மிக நன்றாக இருக்கும். பள்ளம் விழுந்த சாலையில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும். டிராக்கில் முதல் இரண்டு மூன்று சுற்றுகள் வியக்கத்தக்க பிடிமானம் தந்துவிட்டு, அதன் பிறகு ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்கத் தொடங்குவது இவற்றின் குறை.

இரண்டாவது, தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் டிரெட்வேர் எண் 200 என்று குறிக்கப்பட்டு, சாலைக்கு அனுமதியும் டிராக்கில் உழைக்கும் திறனும் கொண்ட டயர்கள். யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்ஈ-71ஆர்எஸ், ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4 ஆகியவை உதாரணங்கள். ஒரே எண்ணைச் சுமந்தாலும் இவற்றின் குணம் ஒன்றல்ல. அட்வான் ஏ052 சீக்கிரம் சூடேறி, ஓரிரு சுற்றுகளில் உச்சப் பிடிமானத்தைக் கொடுக்கும் டயர். அதே வேகத்தில் அது சூடு தாங்காமலும் போய்விடும். ஆர்எஸ்4 அந்த உச்சத்தைத் தொடாது, ஆனால் இருபது நிமிட ஓட்டம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சீராக உழைக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுபவருக்கு இரண்டாவது குணமே மேலானது என்பேன்.

மூன்றாவது, செமி ஸ்லிக் எனப்படும் டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர், டோயோ ஆர்888ஆர் ஆகியவை இதில் அடங்கும். பக்கச்சுவர் விறைப்பாகவும், தரையைத் தொடும் பரப்பில் பள்ளங்கள் மிகக் குறைவாகவும் இருக்கும். காய்ந்த டிராக்கில் இவற்றுக்கு நிகரான சாலை டயர் கிடையாது. ஆனால் நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, அந்தத் தண்ணீரை வெளியேற்ற வழி போதாமல், டயர் தரையை விட்டு மேலெழுந்து தண்ணீர் மீது மிதக்கத் தொடங்கும் வேகம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த டயர்களோடு ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் வருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பள்ளங்களே இல்லாத முழு ஸ்லிக் டயர்கள் சாலையில் சட்டப்படி ஓட்டத் தகாதவை என்பதால், அவை இங்கே நமக்குத் தேவையில்லை.

டிராக்குக்குப் புதியவர்களுக்கு என் பரிந்துரை, முதல் வருடம் முழுவதும் உயர்திறன் சாலை டயரிலேயே இருப்பது. அந்த டயர் தன் எல்லையை நெருங்கும்போது கீச்சிட்டு எச்சரிக்கும். பிடிமானம் மெல்ல மெல்லக் குறையும். ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். செமி ஸ்லிக் டயர் பெரும்பாலும் சத்தமின்றி இருந்துவிட்டு, இன்னும் அதிகமான வேகத்தில், இன்னும் குறுகிய இடைவெளியில் கைவிடும். அதோடு, டயரின் பிடிமானம் கூடும்போது பிரேக், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ் ஆகிய அனைத்தின் மீதும் சுமை கூடுகிறது. நல்ல பிரேக் பேடும், உயர்ந்த கொதிநிலை கொண்ட புதிய பிரேக் ஆயிலும் போடாத காரில் செமி ஸ்லிக் போடுவது வரிசை மாறிய செலவு.

ரன்ஃபிளாட் டயரோடு விற்கப்படும் கார்களைப் பற்றி ஒரு சொல். அந்த டயர்கள் பஞ்சரான பின்பும் சிறிது தூரம் ஓடுவதற்காகக் கனமான, விறைத்த பக்கச்சுவரோடு செய்யப்பட்டவை. டிராக்குக்கு ஏற்றவை அல்ல. அவற்றை மாற்றி வழக்கமான டயர் போடுபவர்கள், அந்தக் காரில் ஸ்டெப்னி இருக்காது என்பதை நினைவில் வைத்து, பஞ்சர் கிட்டும் காற்று அடிக்கும் சிறிய கம்ப்ரசரும் டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கச்சுவரைப் படிக்கும் முறை

கடைக்குப் போகும் முன் காரில் இப்போது உள்ள டயரின் பக்கச்சுவரை முழுவதும் படியுங்கள். 225/40 ஆர்18 92ஒய் என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்று பொருள். 92 என்பது ஒரு டயர் 630 கிலோ வரை சுமக்கும் என்பதையும், ஒய் என்ற எழுத்து மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் குறிக்கிறது. டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240. காரோடு வந்த சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. இந்தியச் சாலையில் யார் 270-இல் போகிறார்கள் என்று கேட்டு மலிவான டயரைக் காட்டும் கடைக்காரர்கள் உண்டு. வேக எழுத்து என்பது டயரின் உள்கட்டமைப்பு எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கான அளவுகோலும் ஆகும் என்பதால், டிராக்குக்குப் போகும் காருக்கு அந்த வாதம் பொருந்தாது.

அளவை மாற்ற நினைப்பவர்கள் டயரின் முழு விட்டத்தைக் கணக்கிட்ட பிறகே மாற்ற வேண்டும். 225/40 ஆர்18 டயரின் விட்டம் 637 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 டயரின் விட்டம் 634 மில்லிமீட்டர். வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே 18 அங்குல ரிம் உள்ள காருக்கு, டிராக்குக்கென்று தனியாக 17 அங்குல ரிம்மும் டயரும் வைத்துக்கொள்வது சாத்தியம். அந்த அளவில் டயர் விலை குறைவாக இருப்பதோடு, பக்கச்சுவர் சற்று உயரமாக இருப்பதால் டிராக் ஓரத்தில் கெர்ப் எனப்படும் மேடான விளிம்பில் ஏறினாலும் ரிம் அடிபடுவது குறையும். பிரேக் காலிப்பர் அந்தச் சிறிய ரிம்முக்குள் இடிக்காமல் அமைகிறதா என்பதை வாங்கும் முன்பே மாட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு அளவு டயர் கொண்ட கார்களில் இன்னும் கவனம் தேவை. 718 கேமனின் 18 அங்குலச் சக்கரங்களில் முன்னே 235/45, பின்னே 265/45. இரண்டின் விட்டத்துக்கும் இடையே உள்ள விகிதத்தைக் கணக்கில் கொண்டுதான் அந்தக் காரின் ஏ.பி.எஸ்., ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு ஆகியவை செயல்படுகின்றன. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் கார்களில் இந்த விகிதம் குலைந்தால் சக்தியைப் பகிரும் கிளட்சும் தேயும். நான்கு டயர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதற்கு விதிவிலக்கே கிடையாது. முன்னே ஒட்டும் ரப்பரும் பின்னே சாதாரண ரப்பரும் போட்ட கார், வேகமான வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சுழன்றுவிடும்.

டிரெட்வேர் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை ஒப்பீட்டு அளவுகோலாக நம்பிப் பலர் முடிவெடுக்கிறார்கள். இது அமெரிக்க விதிமுறை சார்ந்த எண். டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரை ஒட்டிய பொதுச்சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஓர் அளவுகோல் டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு அது கணக்கிடப்படுகிறது. 200 என்றால், அளவுகோலின் 100-ஐப் போல இரு மடங்கு உழைக்கும் என்பது கொள்கை. ஆனால் இறுதி எண்ணை டயரில் பொறிப்பது டயர் நிறுவனமேதான். பல நாடுகளில் அமெச்சூர் பந்தயங்களில் நுழைய 200 என்ற எண் தகுதியாக வைக்கப்பட்டதால், மிக மென்மையான ரப்பரும் அந்த எண்ணோடு விற்பனைக்கு வருகிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். இரு நிறுவனங்களை ஒப்பிட அது நம்பகமான வழி அல்ல.

அடுத்தது, தயாரிப்பு வாரம். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிராக்குக்குப் பயன்படும் அகலமான டயர்கள் நம் கடைகளில் அடிக்கடி விற்பதில்லை. தகரக் கூரை போட்ட குடோனில் ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டிருந்த டயர் உங்கள் கைக்கு வரக்கூடும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதன் ரப்பர் இறுகியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயரை டிராக் பயன்பாட்டுக்கு வாங்க வேண்டாம் என்பதே என் நிலை. முன்பணம் கொடுக்கும் முன் நான்கு டயர்களின் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கார் நிறுவனங்களின் தனிக் குறியீடுகளும் பக்கச்சுவரில் இருக்கும். போர்ஷேவுக்கென்று வடிவமைத்து ஒப்புதல் பெற்ற டயரில் என்0, என்1 என்று தொடங்கும் குறியும், பி.எம்.டபிள்யூவின் டயரில் நட்சத்திரக் குறியும், மெர்சிடிஸின் டயரில் எம்ஓ என்ற எழுத்துகளும் காணப்படும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவற்றின் உள்கட்டமைப்போ ரப்பர் கலவையோ பொதுவான டயரிலிருந்து வேறுபடலாம். வாரன்டியில் இருக்கும் காருக்கு அந்தக் குறியுள்ள டயரையே போடுவது நல்லது. ஒரு அச்சில் குறியுள்ளதும் மறு அச்சில் குறியில்லாததுமாகக் கலக்க வேண்டாம்.

இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. வாகன டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இங்கே கட்டாயம். 2020 ஜூன் முதல் பல வகைப் புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. வெளிநாட்டு ஆர்வலர்கள் புகழும் மாடல்கள் பல, குறிப்பாகச் செமி ஸ்லிக் வகை, நம் அளவில் கிடைக்காமல் போவதற்கு இவையும் காரணம். ஆகவே மனத்துக்குப் பிடித்த டயரை முடிவு செய்துகொண்டு தேடுவதை விட, உங்கள் அளவில் உள்நாட்டில் முறையாகக் கிடைக்கும் டயர்களின் பட்டியலை இரண்டு மூன்று பெரிய டீலர்களிடம் வாங்கி, அதிலிருந்து தேர்ந்தெடுப்பது பயனுள்ளது. ஒரு டயர் டிராக்கில் வெட்டுப்பட்டால் அதே மாடலில் இன்னொன்று கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வெப்பமும் காற்றழுத்தமும்

ரப்பர் ஓரளவு சூடான பிறகே தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து முழுப் பிடிமானம் தரும். அந்த அளவைத் தாண்டினால் மேற்பரப்பு இளகி, டயர் தரையைப் பற்றாமல் அதன் மேல் பூசிக்கொண்டு போகும். ஐரோப்பிய ஓட்டுநர்களுக்கு டயரைச் சூடேற்றுவது கவலை. நமக்கோ அதை ஆற்றுவதுதான் கவலை. கோடை நண்பகலில் தார்ப்பரப்பின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம் என்பதால், டயர் பாதித் தூரத்தைத் தொடக்கத்திலேயே கடந்துவிடுகிறது. ஸ்டீயரிங் திடீரென்று இலேசாவதும், முந்தைய சுற்றில் எளிதாகத் திரும்பிய வளைவில் கார் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போவதும் அதிகச் சூட்டின் அடையாளங்கள். அப்போது ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி ஆற்றிக்கொள்ளலாம், அல்லது தடத்தின் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடமான பிட்டுக்குள் வந்துவிடலாம். மேலும் அழுத்தி ஓட்டினால் ரப்பருக்குள் கொப்புளங்கள் உண்டாகி, துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடும்.

புத்தம்புதிய சாலை டயரில் இந்த ஆபத்து கூடுதல். ஏழெட்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ரப்பர்க் கட்டிகள் வளைவின் அழுத்தத்தில் ஆடி அசைந்து உள்ளுக்குள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. பாதி தேய்ந்த டயரில் அந்த ஆட்டம் குறைவு. காய்ந்த டிராக்கில் அதுவே சீராக உழைக்கும். ஆகவே புதிய டயரைச் சில ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் ஓட்டி, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சியிருக்கும் பருவத்தில், மழையில்லாத மாதங்களில் டிராக்குக்குக் கொண்டுபோவது சிக்கனமான திட்டம். எப்படியிருந்தாலும், வாங்கிய டயரை முதல் இருநூறு கிலோமீட்டராவது நிதானமாகச் சாலையில் ஓட்டாமல் டிராக்கில் இறக்கக் கூடாது. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு அதுவரை மேற்பரப்பில் இருக்கும்.

காற்றழுத்தத்தைக் கணக்கோடு புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். காலையில் 30 டிகிரியில், ஆறிய டயரில் 32 பி.எஸ்.ஐ. வைத்துப் புறப்படுவதாகக் கொள்வோம். டிராக்கில் டயருக்குள் இருக்கும் காற்று 80 டிகிரியை எட்டினால் அழுத்தம் ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். வீங்கிய டயர் நடுப்பகுதியில் மட்டும் தரையை அழுத்தும். ஓரங்கள் சும்மா இருக்கும். நடுப்பகுதி இன்னும் சூடாகும். எனவே முதல் ஐந்தாறு சுற்றுகளுக்குப் பின் பிட்டுக்கு வந்து, ஒரு நிமிடத்துக்குள் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் அளந்து, சூடான நிலையிலேயே காற்றைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான சாலை டயர்களுக்கு 34 முதல் 37 பி.எஸ்.ஐ., செமி ஸ்லிக்குக்கு 32 முதல் 35 பி.எஸ்.ஐ. என்பவை சூடான நிலைக்கான நல்ல தொடக்கப் புள்ளிகள். உங்கள் டயர் நிறுவனம் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். முன்பக்க இடது டயர் மற்றவற்றை விட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக ஏறியிருந்தால் வியப்படைய வேண்டாம். வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் உழைப்பது அதுதான்.

இதன் மறுபக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 80 டிகிரியில் 35 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஆறி 30 டிகிரிக்கு வரும்போது 28 பி.எஸ்.ஐ.தான் காட்டும். அந்த அழுத்தத்தோடு, ஆட்களும் சாமான்களும் ஏறிய காரை நெடுஞ்சாலையில் ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டிராக்கை விட்டுக் கிளம்பும் முன் டயர்கள் ஆறும் வரை காத்திருந்து, கதவின் ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று அடித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அதற்காகவே சொந்தமாக ஒரு கம்ப்ரசரும், நம்பகமான ஒரு காற்றழுத்த மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கின் மீட்டரும் உங்கள் மீட்டரும் வேறுபட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எப்போதும் ஒரே மீட்டரால் அளப்பது முக்கியம்.

டயரின் தோளைப் பாருங்கள்

பல டயர்களில் பக்கச்சுவரும் தரைப்பரப்பும் சந்திக்கும் தோள் பகுதியில் சிறிய முக்கோணக் குறிகள் வார்க்கப்பட்டிருக்கும். டிராக்கில் இறங்கும் முன் அந்த இடத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். திரும்பி வரும்போது கோடு முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் டயர் சரியான அளவில் சாய்ந்து உழைத்திருக்கிறது. முக்கோணத்தையும் தாண்டிப் பக்கச்சுவருக்குள் அழிந்திருந்தால் காற்று குறைவு, அல்லது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணமான கேம்பர் போதவில்லை. நுனியை எட்டவே இல்லையென்றால் காற்று அதிகம்.

பிறகு தரைப்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். அரம் போட்டது போன்ற நுண்ணிய, சீரான சொரசொரப்பு இருந்தால் டயர் நலமாக இருக்கிறது. ரப்பர் சிறு சுருள்களாகத் திரண்டு அலை அலையாகப் படிந்திருந்தால், டயர் உரிய சூட்டுக்கு வருமுன்பே வழுக்க விடப்பட்டிருக்கிறது. நீலம் கலந்த பளபளப்பு தெரிந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. டிராக் ஓரத்தில் கிடந்த ரப்பர்த் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது டயரின் குறையல்ல. அடுத்த ஓட்டத்தில் உதிர்ந்துவிடும்.

ஊசி முனை கொண்ட வெப்பமானி கிடைத்தால் ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களில் அளக்கலாம். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும். பிட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பரப்பு ஆறிவிடுகிறது. நடு மட்டும் சூடாக இருந்தால் காற்றைக் குறையுங்கள். வெளிப்பக்கம் உள்பக்கத்தை விடச் சூடாக இருந்தால் கேம்பரைக் கூட்ட வேண்டும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகைச் சஸ்பென்ஷன் கொண்ட கார்கள் பெரும்பாலும் முன்பக்கத்தில் ஒரு டிகிரி அளவு நெகட்டிவ் கேம்பரோடுதான் (உள்நோக்கிய சாய்வோடுதான்) தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அந்த நிலையில் டிராக்கில் ஓட்டினால் வெளித்தோள் ஓரிரு நாட்களிலேயே கரைந்துவிடும். இரண்டு முதல் இரண்டரை டிகிரி வரை கூட்டினால் டயரின் ஆயுள் நீளும். சாலையில் உள்பக்கம் தேயுமே என்ற அச்சம் இயல்பானது. ஆனால் உள்பக்கத் தேய்மானத்துக்குக் கேம்பரை விடத் தவறான டோ அளவே, அதாவது சக்கரங்கள் நேராக முன்னோக்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவே, பெரிய காரணம். டோவைப் பூச்சியத்துக்கு அருகில் வைத்து, அலைன்மென்ட் அச்சுத்தாளை வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு பயன்பாட்டுக்கும் அந்த அமைப்பு ஒத்துவரும்.

சமச்சீரற்ற வடிவம் கொண்ட டயர்களில் வெளிப்பக்கம் என்று குறித்த பக்கம் வெளியே இருந்தால் போதும். ஆகவே இடது டயர் அதிகம் தேய்ந்தால் சக்கரத்தோடு கழற்றி வலப்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். சுழலும் திசையை அம்புக்குறியால் காட்டும் டயர்களில் இது முடியாது; ரிம்மிலிருந்து பிரித்து மறுபடி ஏற்றி, பேலன்சிங் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு வகையில் எது வாங்குவது என்று தடுமாறுபவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்.

மழை, பஞ்சர், ஓய்வு

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு வேறு கணக்கு வேண்டும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே உள்ள தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வார்க்கப்பட்டிருக்கும். சட்டம் ஏற்கும் கடைசி எல்லை அது. ஆனால் அகலமான ஸ்போர்ட்ஸ் கார் டயர் தேங்கிய தண்ணீரைப் பிளந்து செல்ல மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் ஈ வரை தரப்படும் எழுத்து, மெல்லிய நீர்ப்படலத்தின் மீது புதிய டயரால் பிரேக் பிடித்துப் பெற்ற முடிவு. தேய்ந்த டயர் முழங்கால் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதையை அடுத்த சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. இரண்டு செட் சக்கரம் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல ஆழமுள்ள சாலை டயரை மாட்டிவிட்டு, டிராக் டயரை வெயிலும் மின்மோட்டார் வெளியிடும் ஓசோன் வாயுவும் படாத இருட்டு அறையில் உறை போட்டு வைக்கலாம்.

ஆணி ஏறிய டயரைச் சாலையோரப் பஞ்சர் கடையில் ரப்பர் திரியைச் செருகி அடைப்பது வீடு வந்து சேர்வதற்கு உதவும். அந்த டயரை மறுபடி டிராக்கில் இறக்கக் கூடாது. உள்பக்கம் காளான் வடிவ ஒட்டுப் போட்டிருந்தாலும் அதைச் சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே முறை. தோளிலோ பக்கச்சுவரிலோ துளை விழுந்திருந்தால் சாலைக்கும் ஆகாது. பள்ளத்தில் இறங்கிய பின் பக்கச்சுவரில் சிறு புடைப்புத் தெரிந்தாலும் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன என்று பொருள். அந்த டயரை அன்றே கழற்றுங்கள்.

ஒவ்வொரு முறை முழுச் சூட்டுக்குப் போய் ஆறும்போதும் ரப்பர் சிறிது சிறிதாக இறுகுகிறது. ஆழம் மிச்சம் இருக்கும்போதே பிடிமானம் போய்விடுவது செமி ஸ்லிக் டயர்களில் அடிக்கடி நடப்பது. அதனால் ஆழத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு டிராக் நாளிலும் தேதி, நேரம், வெயில் நிலவரம், ஆறிய அழுத்தம், சூடான அழுத்தம், நான்கு டயர்களின் ஆழம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே வெயில், அதே அழுத்தம், அதே ஓட்டுநர் என்றிருந்தும் கார் முன்பு நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்குகிறது என்று அந்த நோட்டு காட்டினால், கட்டை தெரியும் வரை காத்திருக்காமல் அந்த டயரை டிராக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, வெட்டும் புடைப்பும் இல்லாவிட்டால், காய்ந்த மாதங்களில் சாலையில் நிதானமாக ஓட்டித் தீர்க்கலாம். மழைக்கு முன் புதியது வாங்கிவிட வேண்டும்.